கைப்பக்குவத்துக்கு ஓர் அளவுகோல்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் என்றால் முதலில் நினைவுக்கு வருவது லேத் பட்டறை. ஐ.டி.ஐ. முடித்து, ஒரு பட்டறையில் சில வருடம் நின்று, பிறகு பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து முன்னுக்கு வந்தவர்கள் பலர். வெர்னியர் காலிப்பர் பிடிக்கத் தெரியாமல் அந்தப் பட்டறைகளில் யாரும் நிலைக்க முடியாது. கண்மதிப்பில் செய்த உருப்படியைக் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். இப்போது பள்ளியோடு படிப்பை நிறுத்துகிறவர்களுக்கு உணவுப் பதப்படுத்தல் கற்றுத்தந்து சுயதொழிலில் இறக்கலாம் என்கிறோம். நல்ல யோசனை. ஆனால் ஓரிரு நாள் வகுப்பில் செய்முறையைத்தான் காட்ட முடியும். ஊறுகாய் போடவும் பொடி அரைக்கவும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது அளக்கும் பழக்கம்.

ஜாமையே எடுத்துக்கொள்வோம். கரையும் திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அடுப்பில் கொதிக்கும் கூழில் ஒரு சொட்டு எடுத்து, ஆறவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். அது நிற்கும் எண்தான் கணக்கு. எண் குறைந்தால் சில வாரங்களில் மூடிக்கடியில் பூஞ்சை. மிகவும் ஏறினால் சர்க்கரை மணல் மணலாக உறையும். ஊறுகாய்க்கு அமிலம்: பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால்தான் உயிரைப் பறிக்கும் பாட்டுலிசக் கிருமி வளராது. இட்லி மாவுக்கு வெப்பம்: சித்திரையில் சீக்கிரமே பொங்கி வழியும் மாவு, மார்கழியில் விடிந்தும் அசையாமல் கிடக்கும். வீட்டில் இதையெல்லாம் கை அறியும். நூறு பாக்கெட்டைக் கடைக்குப் போடுகிறவனுக்குத் தெர்மாமீட்டரும் கடிகாரமும் வேண்டும்.

பெரிய கம்பெனிகளோடு மோத முடியுமா என்று கேட்பார்கள். மசாலாப் பொடியில் கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீக்கிரம் கெடும் பண்டத்தில் பக்கத்தில் இருப்பவனுக்கே அனுகூலம் அதிகம். மாவு, சட்னி, தொழிற்சாலை கேன்டீனுக்கு நறுக்கிய காய்கறி போன்றவற்றைத் தூரத்திலிருந்து கொண்டுவருவது செலவு. ஐடி ஃப்ரெஷ் நிறுவனமும் 2005-ல் பெங்களூருவில் ஒரு சிறிய இடத்தில் மாவு அரைத்துத்தான் தொடங்கியது. முதலுக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஓரிரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆகவே அளவுக் கருவிக்குப் பணம் தடையில்லை. கூழாக்கும் எந்திரமும் குளிர் அறையும்தான் பாரம். 2020-ல் வந்த பிரதமரின் குறு உணவு நிறுவனத் திட்டம் 35 சதவீத மானியத்தோடு, பொது உட்கட்டமைப்புக்கும் இடம் வைத்தது. திருமுல்லைவாயலில் மகளிர் தொழிற்பேட்டை இருக்கிறது, கொடுவேளியில் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இந்த இரண்டையும் இணைத்து, மணிக்கணக்கில் வாடகைக்குவிடும் சமையற்கூடமும் ஒரு சிறு பரிசோதனைக்கூடமும் அமைக்கலாம்.

பதினெட்டு வயதில் கடன் சுமையா என்ற கவலைதான் எனக்கும் பெரிதாகப் படுகிறது. அதனால் பயிற்சி முடிந்த கையோடு கடன் மனு எழுதவைப்பதை நான் ஏற்கமாட்டேன். முதல் ஒரு வருடம் அப்ரன்டிஸாகச் சம்பளத்துக்கு நிற்கட்டும். கொழுப்புச் சத்தை அளந்து பாலுக்கு விலை போடும் பால் பண்ணை அதற்கு ஏற்ற இடம். அம்பத்தூரிலேயே ஆவின் இருக்கிறது. அந்த வருடத்தில் ஒரு நோட்டுப் போடும் பழக்கம் வந்துவிட வேண்டும்: தேதி, பழத்தின் எடை, சர்க்கரை, கடைசி அளவு, நிரப்பிய பாட்டில்கள், அவை போன கடைகள். பின்னால் சொந்த லேபிளில் 14 இலக்க உரிம எண்ணை அச்சடித்து விற்கும்போது, ஒரு பாட்டில் புளித்துப்போனதாகக் கடைக்காரர் போன் செய்தால், எந்த நாள் அடுப்பு, எத்தனை பாட்டில், மிச்சம் எந்தக் கடையில் என்று அந்த நோட்டைப் புரட்டிச் சொல்லிவிடலாம்.