பிரம்புக்குப் பயந்தால் படிப்பு ஏறுமா?



காலையில் மளமளவென்று வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை, பிரம்பைக் கண்டதும் திருதிருன்னு முழிக்கிறானா? ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை ஆனாலும், ராஜபாளையம் ஆனாலும் காரணம் ஒன்றுதான். மூளை மட்டமல்ல, பயம்!

பயந்தால், சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல் அமைந்த சுரப்பிகள் 'கார்டிசால்' என்னும் இயக்குநீரை அதிகம் சுரக்கின்றன. எச்சிலைச் சோதித்தாலே இது தெரியும். மைசூரில் ஒரு மருத்துவமனையில் 1997-98-ல் பிறந்த பிள்ளைகளை, 13 வயது கடந்தபின், முன்பின் அறியாத இருவர் முன்னால் பேசவும் மனக்கணக்குப் போடவும் சொன்னார்கள். எச்சிலில் கார்டிசால் ஏறியிருந்தது.

சற்று ஏறி இறங்கினால் கெடுதல் இல்லை. நாள்தோறும் அடி, திட்டு, வீட்டுச் சண்டை, அரைத் தூக்கம் என்றால்தான் ஆபத்து. அந்த ஏற்ற இறக்கமே தடுமாறும். ஞாபகசக்தியும் யோசிக்கும் திறனும் குன்றும்.

செய்ய வேண்டியவை:

1. தப்பாகச் சொன்னால் அடிக்காமல் மறுபடி சொல்லிக் கொடுங்கள்.

2. மில்லில் எந்த ஷிப்டு வேலையானாலும், தினம் கால்மணி நேரம் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள்.

3. பள்ளிப் பிள்ளையை இரவில் 9 மணி நேரமாவது தூங்க விடுங்கள்.

4. அடிக்கடி வயிற்றுவலி, புதிதாகப் படுக்கையை நனைத்தல், பள்ளி என்றாலே அழுகை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள்.

5. பிள்ளையை யாரேனும் துன்புறுத்தினால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

பிரம்பைப் பரணில் போடுங்கள். பயம் போனால் பாடம் மனசில் நிற்கும்!