முள்ளை மாற்றுவதா? பெட்டியை மாற்றுவதா?
பரணில் இருந்து இறங்கிய ரிக்கார்டுகள் கிளப்பும் கேள்வி!

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் என்றதும் கரும்பு வண்டியும் சர்க்கரை ஆலையும்தான் நினைவுக்கு வரும். அந்த ஆலை வந்த 1970-களில், இதுபோன்ற ஊர்களில் கல்யாணம், காதுகுத்து என்றால் முதல் ஆளாக வந்து இறங்குபவர் ரேடியோ செட்டுக்காரர். மரத்தில் குழாயைக் கட்டுவார். திண்ணையில் ரிக்கார்டு பெட்டியைத் திறப்பார். பொழுது விடியுமுன் பாட்டு ஊரையே எழுப்பிவிடும்.

கேசட் வந்தது, ரிக்கார்டு பரணுக்குப் போனது. பிறகு சி.டி., அதற்கும் பிறகு செல்போன். இப்போது ரிக்கார்டுகள் மறுபடி கீழே இறங்குகின்றன. அப்பா சேர்த்தது, மாமா விட்டுப் போனது, செட்டுக்காரர் தொழிலை விட்டபோது சல்லிசாகக் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. 2024-ல் மும்பை வட்டாரத்தில் ரிக்கார்டு அழுத்தும் ஆலையே புதிதாகத் தொடங்கிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

போட்டுக் கேட்க ஒரு புது பிளேயர் வாங்குகிறார்கள். கூடவே கைக்கு அடக்கமாக ஒரு பெட்டி. போனோ பிரீ-ஆம்ப் என்று அதற்குப் பெயர். தட்டு சுழல்கிறது, முள் இறங்குகிறது. "உம்ம்ம்..." என்று ஓர் இரைச்சல். பாட்டிலும் கரகரப்பு. கடையில் கேட்டால் பதில் தயார்: "அந்தப் பெட்டி பத்தாது சார். பெரிசா ஒண்ணு போட்டுடுங்க."

வீட்டிலோ வேறு கேள்வி: "ஏங்க, போன மாசம்தானே ஒரு பெட்டி வாங்குனீங்க? அதுக்குள்ள இன்னொண்ணா?"

இதில் வீட்டம்மா பக்கம்தான் நியாயம் அதிகம். காரணம் வருமாறு:-

பெட்டியின் வேலை

இன்றைய பிளேயர்களில் பெரும்பாலும் இருப்பது காந்த கேட்ரிட்ஜ். முள் ஆட ஆட அதில் பிறக்கும் மின்சாரம் சுமார் 5 மில்லி வோல்ட். டார்ச் லைட் கட்டை ஒன்றில் இருப்பது 1½ வோல்ட். அதில் 300-ல் ஒரு பங்கு! இதை 100 மடங்கு பெருக்கினால்தான் ஆம்ப்ளிபயர் ஏற்றுக்கொள்ளும். அதுதான் பெட்டியின் முதல் வேலை.

இரண்டாவது வேலை கொஞ்சம் சூட்சுமமானது. ரிக்கார்டு வெட்டும்போதே அடிக்குரலைக் குறைத்து, உச்சக்குரலைக் கூட்டி வெட்டுகிறார்கள். அடிக்குரலை அப்படியே விட்டால் கோடு அகலமாக அலைந்து பக்கத்துக் கோட்டில் இடித்துவிடும். உச்சக்குரலைக் கூட்டுவது சரசரப்பை அமுக்க. கேட்கும்போது இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 1954-ல் அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகளின் சங்கம் இதற்கு ஒரே அளவு வகுத்தது. உலகமும் நாளடைவில் அதற்கே வந்து சேர்ந்தது. அடிக்குரலின் கடைசிக்கும் உச்சக்குரலின் கடைசிக்கும் இடையே பெட்டி செய்யும் திருத்தம் கிட்டத்தட்ட 90 மடங்கு.

பெரிய வேலைதான். ஆனால் பழைய வேலை. இன்று ஆயிரம் சில்லறைக்குக் கிடைக்கும் பெட்டியும் இதை ஓரளவு ஒழுங்காகவே செய்துவிடும்.

"எங்க அப்பா காலத்துல பெட்டி கிட்டி ஒண்ணும் கிடையாதே?" என்று கேட்கலாம். உண்மைதான். அன்றைக்கு இருந்தது கிரிஸ்டல் கேட்ரிட்ஜ். அதில் இருந்து வரும் மின்சாரமே பல மடங்கு அதிகம். ரேடியோவின் முதுகில் சொருகினால் போதும், பாடிவிடும்.

தப்பு எங்கே?

அந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் இன்று கரகரப்பாகக் கேட்கிறது. கிரிஸ்டல் முள் தட்டை அழுத்திய எடை 5 கிராமுக்கும் மேல். இன்றைய முள்ளுக்கு 1½ முதல் 2½ கிராம் போதும். போதாததற்கு, கல்யாண வீட்டில் தேய்ந்த முள்ளோடு, புழுதியோடு, ஒரே பாட்டு நாலு தரம் ஓடியிருக்கும். கோட்டின் சுவரே அரிக்கப்பட்டிருந்தால் லட்ச ரூபாய்ப் பெட்டி போட்டாலும் போனது திரும்பாது. அரிப்பின் சத்தம்தான் இன்னும் துல்லியமாகக் கேட்கும்!

அடுத்தது அந்த "உம்ம்ம்". நம் கரண்டின் துடிப்பு நொடிக்கு 50. அது அடிக்குரல் பகுதியில் விழுகிறது. பெட்டியோ அடிக்குரலைத் தூக்கிக் கொடுக்கப் பிறந்தது. நடுக்குரலைவிட 7 மடங்கு கூடுதலாக அந்த இரைச்சலையும் தூக்கிவிடும். பெட்டி எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்த விதி ஒன்றுதான்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, பாட்டு கேட்கும் அளவுக்கு வால்யூமைத் திருப்ப வேண்டும். இரைச்சல் வந்தால், ஆம்ப்ளிபயரை அணைத்து பிளேயர் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டதா? பெரும்பாலும் கோளாறு ஒயரிலோ எர்த்திலோதான். பிளேயரின் பின்னால் தொங்கும் மெல்லிய எர்த் ஒயரைப் பெட்டியின் திருகில் மாட்டாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். நிற்காமல் இரைந்தால் மட்டுமே பெட்டியையோ ஆம்ப்ளிபயரையோ சந்தேகிக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. பல புது பிளேயர்களுக்கு உள்ளேயே ஒரு பிரீ-ஆம்ப் உண்டு. பின்னால் 'போனோ', 'லைன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை 'லைன்' பக்கம் விட்டு, வெளியிலும் ஒரு பெட்டியை மாட்டினால் பாட்டு இரண்டு தரம் பெருகி அலறும். அலறலைக் கேட்டு மூன்றாவது பெட்டிக்கு விலை விசாரிப்பது வீண் செலவு.

உண்மையான ஆபத்து

பெட்டி மட்டமாக இருந்தால் கேட்பதற்குத்தான் நன்றாக இராது. தட்டுக்கு ஒன்றும் ஆகாது. முள் தேய்ந்திருந்தால் தட்டே போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் உளி மாதிரி செதுக்கும். வைர முள்ளின் ஆயுள் சுமார் 500 முதல் 1,000 மணி நேரம். தினம் ஒரு எல்.பி.யின் இரு பக்கமும் கேட்டால் 2 வருஷத்தில் 500 மணியை எட்டிவிடும்.

எம்.எஸ். பாடிய 1963-ம் வருஷத்து சுப்ரபாதம் போன்ற தட்டு இன்னொன்று தேடினால் கிடைக்கலாம். ஓடாத படத்தின் சின்னத் தட்டை எங்கே தேடுவது? பழைய ரிக்கார்டுகளுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட்டே 1985-ல் எரிந்து போயிற்று.

ஆகவே பணத்தை முதலில் முள்ளுக்குத்தான் போட வேண்டும். அடுத்து, தட்டைக் கழுவ வேண்டும். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு; மெல்லிய துணி; லேபிள் நனையக்கூடாது; நிழலில் உலர்த்த வேண்டும். பரண் சூட்டில் பூஞ்சை பிடித்த தட்டுகூட ஒரு கழுவலில் தேறிவிடுவது உண்டு. 78 சுற்றுத் தட்டு அரக்குச் சரக்கு. அதன் மேல் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், ஜாக்கிரதை!

எப்போது வாங்கலாம்?

பெட்டியை மாற்றவே கூடாதா? அப்படியும் இல்லை. மூவிங் காயில் என்ற உயர்ந்த ரக கேட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு வேறு பெட்டி வேண்டும். அதில் வருவது பெரும்பாலும் அரை மில்லி வோல்ட்டுக்கும் கீழே. 1,000 மடங்கு பெருக்க வேண்டும். மலிவுப் பெட்டியில் அதைக் கேட்டால் பாட்டைவிட இரைச்சலே முந்தும்.

78 சுற்றுத் தட்டு நிறைய இருந்தாலும் மாற்றலாம். பெரும்பாலானவை 1954 அளவுக்கு முந்திய திருத்தத்தில் வெட்டியவை. திருத்தத்தை மாற்றிக்கொள்ளும் பெட்டியில்தான் குரல் குரலாக வரும். அதற்கு முள்ளும் வேறு, எல்.பி. முள்ளைப்போல நாலு மடங்கு பருமன்.

பழைய சினிமா ரிக்கார்டே அதிகம் என்றால் 'மோனோ' பட்டன் உள்ள பெட்டிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. 1978-ல் வந்த 'பிரியா' பாட்டுகளை ஸ்டீரியோவில் பதிவு செய்ததே அன்றைக்குப் பெரிய செய்தி. அதற்கு முந்திய தமிழ்ப் பாட்டுகளில் அநேகம் மோனோதான். பட்டனை அழுத்தினால் இரு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகும்; மேலும் கீழுமாகத் துள்ளும் முள்ளின் கரகரப்பு கணிசமாக அடங்கும். இத்தனை வித்தியாசத்தைச் சில பெரிய விலைப் பெட்டிகள்கூடத் தருவதில்லை.

இந்த மூன்றும் இல்லாமல், சும்மா "இன்னும் நல்லா இருக்குமோ" என்ற ஆசை மட்டும்தான் என்றால், தெரிந்தவரிடம் ஒரு நாள் பெட்டியை இரவல் வாங்கி, அதே தட்டில் அதே பாட்டை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்ப்பது உத்தமம். இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். சத்தம் கூடுதலாக உள்ள பெட்டிதான் ஒசத்தி என்று காது ஏமாறுவது சகஜம்.

முள் வாங்க எறையூரில் இருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ கிளம்புகிறவர்கள், கேட்ரிட்ஜின் முகப்பில் உள்ள பெயரையும் நம்பரையும் சீட்டில் எழுதி எடுத்துப் போகவேண்டும். நம்பர் மாறினால் முள் சொருகாது.