குஞ்சு பொரிப்பானுக்கு ஏற்ற தெர்மோஸ்டாட்

கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். உள்ளே ஃபேன் ஓடும் பெட்டியானால் அத்தனை நாளும் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். சற்றுக் குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும். கூடினால் கரு கெடும். இரண்டில் சூடு கூடுவதுதான் பெரிய ஆபத்து. ஜவ்வாது மலை போன்ற இடங்களில் மார்கழிப் பகலும் இரவும் வெகுவாக வேறுபடும். எனவே, தெர்மாகோல் பெட்டியில் குண்டு பல்பு ஒன்றை மாட்டி டிம்மரால் அளவு வைப்பது பலிக்காது. டிம்மர் பல்புக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்குமே தவிர, பெட்டியின் சூட்டை அறியாது.

சூட்டை அறிந்து தானே அணைத்துப் போடும் கருவிதான் தெர்மோஸ்டாட். 17-ஆம் நூற்றாண்டில் கார்னீலிஸ் டிரெபெல் செய்த ஆரம்பகாலக் கருவிகளுள் ஒன்றும் முட்டை பொரிக்கவே உருவானது.

இஸ்திரிப் பெட்டியில் இருப்பது இரு உலோகத் தகடு. சூட்டில் வளைந்து இணைப்பை விடும். அணைவதற்கும் மீண்டும் எரிவதற்கும் நடுவே பல டிகிரி இடைவெளி விழும். கீசரில் உள்ளதும் ஏறக்குறைய அப்படியே. குளிக்கும் வெந்நீர் ஐந்து டிகிரி முன்பின்னாக இருந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. முட்டைக்கு அது கட்டாது.

அதற்கு டிஜிட்டல் கன்ட்ரோலர் தேவை. W1209 என்ற சிறு பலகை 12 வோல்ட்டில் ஓடும். தனி அடாப்டர் வேண்டும். STC-1000-இன் 230 வோல்ட் வகையை நேரே மெயினில் இணைக்கலாம். 100 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. இவற்றின் ரிலே அதைத் தாராளமாகத் தாங்கும். 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியரை நெருங்கும். அதை இதே ரிலேயில் மாட்டக் கூடாது, கான்டாக்டர் வேண்டும். சென்சார் முனையை முட்டையின் மேல்மட்ட உயரத்தில், பல்பின் ஒளி நேரே படாமல் தொங்கவிட வேண்டும்.

விலையையும் துல்லியத்தையும் பார்ப்பவர்கள், கருவி பழுதானால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்பதில்லை. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் பல்பு அணையாது. விலை கூடிய சாலிட் ஸ்டேட் ரிலேயும் பெரும்பாலும் மின்சாரம் பாயும் நிலையிலேயே பழுதாகும். ஆகவே 38.5 டிகிரியில் நிறுத்தும் இரண்டாவது தெர்மோஸ்டாட்டை அதே கம்பியில் தொடராகச் சேர்ப்பது நல்லது. ஒரே பெரிய பல்புக்குப் பதில் இரண்டு சிறிய பல்புகள் போட்டால், ஒன்று ஃபியூஸ் போனாலும் பெட்டி முழுதாக ஆறிவிடாது. வயரிங்கில் எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

சென்சாரின் அளவையும் நம்பிவிடக் கூடாது. கொதிநீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்ப்பது மலையில் தவறாகும்: சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில் தண்ணீர் 97.5 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரே இதற்குப் போதும். அதையும் சென்சாரையும் ஒரே வெதுவெதுப்பான நீரில் வைத்தால், 99.5 ஃபாரன்ஹீட்டுக்கு எதிரே 37.5 காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் கன்ட்ரோலரின் திருத்த அமைப்பில் கூட்டியோ கழித்தோ சரிசெய்துகொள்ளலாம்.