கடலோர வீடுகளில் செயற்கைப் பூ அலங்காரம்

துணி, நெகிழி, காகிதம், நெட்டி, ஓலை முதலியவற்றைக் கொண்டு இயற்கைப் பூவின் சாயலில் செய்யப்படும் அலங்காரப் பொருளே செயற்கைப் பூ. இலை, கொடி, புல், தொட்டிச்செடி ஆகியவற்றின் போலிகளும் இதே வகையில் அடங்கும். தமிழ்நாட்டு வீடுகளில் இவை பல வடிவங்களில் புழங்குகின்றன. வாசல் நிலையில் நெகிழி மாவிலைத் தோரணம் தொங்கும். கூடத்தில் மறைந்த பெரியவர்களின் படத்துக்கு வாடாத மாலை இருக்கும். நவராத்திரியில் கொலுப்படியின் ஓரங்களில் பூச்சரம் ஓடும். அண்மைக் காலத்தில் பூச்சாடிகளும் சுவரை மறைக்கும் பசுங்கொடிகளும் இவற்றோடு சேர்ந்துள்ளன.

தண்ணீர் வேண்டாம், வெயில் வேண்டாம், பராமரிப்பும் வேண்டாம் என்று சொல்லித்தான் கடைகளில் இவற்றை விற்கிறார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவது, மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரையில் பொய்த்துவிடுகிறது. உயிருள்ள செடியை வாட்டும் அதே உப்பு, உயிரற்ற பூவையும் வேறு வழியில் கெடுக்கிறது.

மரக்காணமும் அதன் பூக்களும்

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர். ஊரை ஒட்டி உப்பளங்கள் பரந்துள்ளன; ஆந்திரத்திலிருந்து கடற்கரையோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில்தான் முடிகிறது. அருகிலுள்ள கழுவேலி சதுப்பு நிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

சங்க இலக்கியத்தில் ஓய்மா நாட்டின் துறைமுகமாகக் கூறப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனுக்கு அப்பட்டினத்தின் வழியைச் சொல்கிறது. அங்கே தாழை அன்னப்பறவைபோல் பூக்கிறது. செருந்தி பொன்னென்று மயக்குகிறது. முண்டகம் நீலமணிபோல் மலர்கிறது. புன்னை முத்துகளை அரும்புகிறது. இயற்கைப் பூவைப் பார்த்துப் பொன்னோ மணியோ என்று மயங்குவதை அந்தப் புலவர் அழகாகச் சொல்லிவிட்டார். இன்று நெகிழியைப் பார்த்துப் பூவோ என்று மயங்குகிறோம். பூவைப்போலச் செய்த பொருளும் அக்காலத்துக்குப் புதிதன்று. பாணர்களுக்குப் பொன்னால் செய்த தாமரைப் பூவைப் பரிசளிக்கும் வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் பலமுறை குறிப்பிடுகின்றன.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் பூக்களின் பட்டியலில் மல்லிகை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை நெய்தல் நிலத்துக்கே உரிய, உப்பையும் மணலையும் தாங்கும் பூக்கள்.

உப்பு செடியை என்ன செய்கிறது?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் மிதந்து, நீர் ஆவியானதும் உப்புத் துகள்களாக நிலத்தின் பக்கம் வருகின்றன. இலைமேல் படியும் இத்துகள்கள் திசுவிலிருந்து நீரை இழுத்து ஓரங்களைக் கருக்குகின்றன.

வேரின் நிலை இன்னும் மோசம். மண்நீரைவிட வேரின் உள்ளே கரைபொருள் செறிவு அதிகமாக இருப்பதால்தான் சவ்வூடு பரவல் முறையில் நீர் உள்ளே செல்கிறது. மண்நீரில் உப்பு ஏறினால் இந்த வேறுபாடு குறைந்துவிடும். தொட்டி நிறைய நீர் இருந்தும் செடி தாகத்தில் வாடும். வீட்டுக்குள் வைத்த தொட்டிச்செடிக்குக் காற்றுத் தொல்லை குறைவு என்றாலும், கடலோர ஆழ்துளைக் கிணறுகளில் பலவும் உவர்நீரையே தருவதால் அதற்கும் இதே கதிதான். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தொட்டியில் தங்கும். ரோஜாவும் மல்லிகையும் உப்பை அதிகம் தாங்காதவை. கடலோர வீடுகளில் ஆசையாக வாங்கி வைத்த ரோஜா சில மாதங்களில் இலைநுனி கருகி நிற்பதற்கு வளர்த்தவரின் கைராசி காரணமன்று.

பொருள்களும் அவற்றின் போக்கும்

இன்று அதிகம் விற்பவை இரண்டு வகை. சில்க் பூ என்று பேர் சொல்லப்படுவது பெரும்பாலும் பட்டு அன்று. பாலியஸ்டர் துணியை அச்சில் வெட்டி, சூடேற்றி இதழ் வடிவில் அழுத்தியது. இலைகளும் புல்லும் தோரணமும் பாலிஎத்திலீன் என்னும் நெகிழியை அச்சில் வார்த்தவை. தொட்டால் உண்மை இதழ்போல் குளிர்ச்சியாக இருக்கும் விலையுயர்ந்த வகையில் இரப்பர் போன்ற மென்பூச்சு இருக்கும். ஈரமும் வெப்பமும் சேரும் இடத்தில் அந்தப் பூச்சு நாளடைவில் பிசுபிசுக்கத் தொடங்கலாம் என்பதால், கடற்கரை வீட்டுக்கு அது உகந்த செலவு அல்ல.

தண்டுள்ள பூக்களில் பெரும்பாலானவற்றில் தண்டின் உள்ளே ஓர் இரும்புக் கம்பி இருக்கும். தண்டை வளைக்க முடிவது அதனால்தான். கெடுதல் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். சாடிக்குப் பொருந்த வேண்டி தண்டை வெட்டியதும் கம்பியின் முனை வெளியே தெரிகிறது. உப்பிலுள்ள குளோரைடு இரும்பு துருப்பிடிப்பதை விரைவாக்கும். துரு உள்ளே ஏறி, உறையைப் பிளந்து, வெள்ளைச் சாடியிலும் சுவரிலும் பழுப்புக் கறையாக இறங்கும். வெட்டிய முனையை உடனே மெழுகிலோ நகச்சாயத்திலோ தோய்த்து மூடிவிட்டால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

அடுத்தது தூசி. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர்விடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். இதழ்மேல் படிந்த உப்பும் அப்படியே இரவில் ஈரமாகி, பகலில் காய்ந்து, பறந்து வரும் தூசியைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். உள்நாட்டு ஊரில் ஊதினால் போகிற தூசி இங்கே ஊதினால் போகாது.

வெயில் மூன்றாவது பகை. புற ஊதாக் கதிர் சாயத்தையும் நெகிழியையும் சிதைக்கிறது. நிறம் வெளுத்து, இலை மொரமொரப்பாகி, தொட்டால் நொறுங்குகிறது. புற ஊதாத் தடுப்பு சேர்த்த வகைகள் உண்டு. அவையும் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தா.

உண்மைபோல் தோன்றச் செய்வது எப்படி?

போலிப் பூவைக் காட்டிக்கொடுப்பது அதன் ஒழுங்கு. இயற்கையில் ஒரு கொத்தில் எல்லாப் பூவும் ஒரே நாளில் விரிவதில்லை; அரும்பு, போது, மலர், உதிரப்போகும் பூ எல்லாம் கலந்திருக்கும். அடி இலை முதிர்ந்து மங்கியும் நுனி இலை இளம்பச்சையாகவும் இருக்கும். தண்டு வெளிச்சத்தின் பக்கம் சாயும். ஆகவே பெட்டியிலிருந்து எடுத்தபடி நேராகச் சாடியில் செருகாமல், ஒவ்வொரு தண்டையும் கையால் வளைத்து, பூக்களை வெவ்வேறு திசையில் திருப்பி வைக்க வேண்டும். மடிந்து கசங்கிய துணி இதழைக் கொதிநீரின் ஆவியில் சற்று தூரத்திலிருந்து காட்டினால் சுருக்கம் நீங்கும்.

இந்தக் கவனத்தின் உச்சத்தை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் காணலாம். லியோபோல்டு பிளாஷ்கா, ருடால்ஃப் பிளாஷ்கா என்னும் தந்தையும் மகனும் 1887 முதல் 1936 வரை தாவரவியல் பாடத்துக்காகக் கண்ணாடியில் செய்த 4,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் அங்கே உள்ளன. மகரந்தத்தாளும் இலைநரம்பும் அளவு பிசகாமல் செய்யப்பட்டவை அவை. வீட்டுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஆனால் ஒரு செயற்கைச் செடியை வாங்கும் முன் அதன் உண்மைச் செடியை ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது. நரம்பு ஓடாத இலை, எண்ணெய் தடவியதுபோல் மின்னும் பச்சை, இயற்கையில் இல்லாத நீல ரோஜா ஆகியவற்றை அப்போது தாமாகவே ஒதுக்கத் தோன்றும்.

இடப்பொருத்தமும் முக்கியம். கிழக்குக் கடற்கரை வீட்டில் டூலிப் பூவை யாரும் உண்மை என்று நம்பமாட்டார்கள். காகிதப்பூவின் கொடி, அரளிக் கொத்து, பெரணி இலை போன்றவை கண்ணுக்கு ஒட்டும். சாடியில் கூழாங்கல்லோ மணலோ நிரப்பித் தண்டின் அடியை மறைக்கலாம். இப்பகுதியில் சவுக்குத் தோப்புகள் உண்டு. அவற்றின் அடியில் கிடக்கும் காய்களையும் உலர்ந்த கிளைகளையும் இடையில் சேர்த்தால் பாதி அலங்காரம் இயற்கையாகவே அமைந்துவிடும். ஒரு கூடத்துக்கு ஒரு சாடி போதும். சுவர் முழுவதும் பசுங்கொடி மூடிய வீடு, வீடாகத் தெரியாமல் கல்யாண மண்டபமாகத் தெரியும்.

வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. பாலியஸ்டரும் நெகிழியும் எளிதில் தீப்பற்றி உருகிச் சொட்டும் தன்மையுடையவை. குத்துவிளக்கு, ஊதுவத்தி, அடுப்பு ஆகியவற்றின் அருகிலும், படத்து மாலையோடு பின்னிய மலிவான சீரியல் விளக்கோடும் இவை சேரலாகாது. மொட்டைமாடியில் வைத்த செயற்கைச் செடியின் தொட்டியிலும் குழிந்த இலைகளிலும் மழைநீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தண்ணீரே வேண்டாத செடி என்பதால் அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

கழுவும் முறை

உப்பு நீரில் எளிதில் கரையும். எனவே துணியால் துடைப்பதைவிட அலசுவதே சிறந்தது. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல்கள் இதழில் கீறல் போடும். வாளி நீரில் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, பூவைத் தலைகீழாக முக்கி ஆட்டி எடுத்து, பிறகு வெறும் நீரில் அலச வேண்டும். துணிப் பூவானால் முதலில் ஓர் இதழை நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கடைசி அலசலை உவர்நீரில் செய்தால் காய்ந்ததும் மறுபடி வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். அதற்கு மட்டும் மழைநீரோ குடிநீரோ வேண்டும். கம்பிக்குள் நீர் தங்காதபடி தலைகீழாகத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்த வேண்டும். கடலுக்கு எதிர்முகமாகச் சன்னல் உள்ள வீட்டில் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

கழிவும் பிழைப்பும்

மங்கிய செயற்கைப் பூவை மறுசுழற்சி செய்வது கடினம். ஒரே காம்பில் பாலியஸ்டர், பாலிஎத்திலீன், இரும்பு, பசை, சாயம் எல்லாம் பிரிக்க முடியாதபடி சேர்ந்திருக்கின்றன. வெயிலில் நொறுங்கியவை நுண்நெகிழியாகி, மழைநீரோடு ஓடை, கழுவேலி, கடல் என்று போகும். கடலோர ஊருக்கும் கடலுக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அலங்காரத்துக்கான தெர்மோகோல் அப்பட்டியலில் உள்ளது. நெகிழிப் பூ இல்லை. பூ சாகுபடியாளர் அமைப்பு ஒன்று நெகிழிப் பூக்களையும் தடை செய்யக் கோரி மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்து, 2024-இல் அது விசாரணைக்கு வந்தது. சூழல் கேட்டோடு விவசாயிகளின் பிழைப்பும் அவ்வழக்கில் பேசப்பட்டது. ஒருமுறை வாங்கிய நெகிழித் தோரணம் பல பண்டிகைகளுக்குத் தொங்கும். அத்தனை பண்டிகைக்கும் பூக்கட்டும் பெண்ணிடம் முழமும் மாவிலைக் கொத்தும் வாங்கப்படுவதில்லை. வாடாத பூவின் விலையைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நெகிழி அல்லாத செயற்கைப் பூ

தமிழ்நாட்டில் செயற்கைப் பூவுக்கு நெகிழியைவிட மூத்த மூலப்பொருள் நெட்டி. குளம், சதுப்பு போன்ற நீர்நிலைகளில் வளரும் இச்செடியின் தண்டு, தோலைச் சீவினால் உள்ளே பால்போல் வெளுத்து, எடையே இல்லாமல் இருக்கும். அதை மெல்லிய ஏடுகளாகச் சீவி, சுருட்டி, வெட்டிப் பூவாக்குகிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. நெட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் கடற்கரை வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. தஞ்சாவூர் நெட்டிக் கோயில் மாதிரிகளைப் பெட்டிக்குள்ளேயே விற்பதற்கும் பொருளின் இந்த மென்மையே காரணம். பனங்குருத்து ஓலையில் பின்னிய பூக்கள் இதைவிட உறுதியானவை. தூசி தட்டித் திரும்பவும் மாட்டலாம்.

இயற்கையிலேயே வாடாத பூக்களும் உள்ளன. வாடாமல்லியைக் காம்போடு கொய்து, நிழலில் தலைகீழாக உலர்த்தினால் அதன் ஊதா நிறம் பல மாதங்கள் மாறாது. வாசலில் வெயில் படும் இடத்துக்குச் செயற்கைச் செடியே தேவையில்லை. காகிதப்பூ, நித்தியகல்யாணி, அரளி ஆகியவை உப்புக் காற்றைப் பெரிதும் தாங்கி வளரும். அரளியின் எல்லாப் பகுதியும் நச்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்க்க வேண்டும். வெளிச்சம் புகாத உள்கூடம், உவர்நீர் தவிர வேறு நீரில்லாத வீடு, நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு ஆகியவையே செயற்கைப் பூவுக்கு நியாயமான இடங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்கு அணிவிக்கும் மாலையிலும் இந்த வேறுபாடு உண்டு. நெட்டி மாலையை ஒரு மாடு மற்றொன்றின் கழுத்திலிருந்து இழுத்துத் தின்றால் அது வைக்கோல்போல் தாவரப் பொருள்தான். வண்ண நெகிழி மாலையைத் தின்றால் அது செரிக்காமல் அசைபோடும் வயிற்றிலேயே தங்கிவிடும். சாயம் பூசாத நெட்டி மாலை வாங்குவதும், பொங்கல் முடிந்த அன்றே மாலையைக் கழற்றிவிடுவதும் மாடு வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை.