உமணர் சகடமும் ஒரு பழைய டெம்போவும்

சென்ற பொங்கல் விழாவன்று சங்கக் கட்டடத்து வாசலில் நின்ற என் வண்டியை எட்டிப் பார்த்த அன்பர்கள் பலர், "இதுக்குள்ள ரெண்டு பேர் பத்து நாள் எப்படி ஐயா குடும்பம் நடத்துறீங்க?" என்று கேட்டார்கள். நின்றபடி சொல்லி முடிகிற பதிலா அது? மலர்க் குழுவினர் எழுதியே தாருங்கள் என்றனர். நான் பட்டம் பெற்ற புலவனும் அல்லன், மெக்கானிக்கும் அல்லன், பாத்திரக் கடைக்காரன். கடையில் கூட்டம் இல்லாத வேளையில் படித்ததையும் கைப்பணம் கரைந்து கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஓடும் வீடு என்றதும் நம்மவர்க்கு வெள்ளைக்காரன் நினைவுதான் வருகிறது. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் 1951ஆம் ஆண்டு வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் கட்டிலும் அலமாரியும் வைத்துக் கொடுத்தது உண்மையே. ஆனால் அதற்கு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு முன்பே உப்பு வணிகரான உமணர் குடும்பத்தோடு வண்டியில் வாழ்ந்து ஊர் ஊராகப் போனதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்தச் சகடத்தை வருணிக்கும் இடத்தைப் பொருள்களின் பட்டியலாக எடுத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். கூரை புல்லால் வேய்ந்தது, தினைப்புனத்தில் யானை விரட்டுகிறவனின் குடிசை மாதிரி. வாசலில் கோழிக்கூடு. சின்ன உரல் ஒன்று தொங்குகிறது. ஊறுகாய்ப் பானையைக் கயிற்றால் இறுகக் கட்டியிருக்கிறார்கள். கையில் பிள்ளையோடு ஒருத்தி மாட்டை ஓட்டுகிறாள். கவனியுங்கள், எந்தப் பொருளும் சும்மா வைக்கப்படவில்லை. ஒன்று தொங்குகிறது, மற்றொன்று கட்டுண்டிருக்கிறது. வண்டியில் குடியிருந்து பார்க்காதவர் இதை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்க முடியாது என்பது என் துணிபு.

இன்னொரு செய்தி புறநானூறு 102ஆம் பாட்டில் இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி, பழகாத இளங்காளை, போகிற வழி பள்ளமோ மேடோ தெரியாது. ஆகவே உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். ஔவையார் அதற்குத் தரும் பெயர் சேம அச்சு. பொகுட்டெழினியைப் புகழ வந்த இடத்தில் இந்த உவமை வருகிறது. நமக்கு வேண்டியது உவமையல்ல, உவமானம். பாரம் ஏற்றுகிறவனுக்கு முதல் கவலை வண்டியின் அடிப்பக்கம்தான். இந்த ஒரு பாடத்தை நான் பாட்டில் படித்திருந்தும் வண்டியில் மறந்தேன்.

என் தொழில் அப்படி. போர்ட் பிளேரிலிருந்து ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் வரை கடைகளுக்குச் சரக்குப் போட்டுப் பாக்கி வசூலித்து வரவேண்டும். சாலை 300 கிலோமீட்டருக்கு மேல். முழங்கால் நோவுள்ள மனைவியைத் தனியே விட்டுப்போக மனம் ஒப்பவில்லை. எல்லா ஊரிலும் அவளுக்குத் தோதான குளியலறையோடு அறை கிடைக்காது. பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்தத் தீவுகளில் டிசம்பரில் ஐந்து மணிக்குள் சூரியன் விழுந்துவிடும். நாலரை மணிக்கு எந்த ஓட்டலில் இரவுச் சாப்பாடு போடுவான்? ஆகவே சமையலறையும் கூடவே வரவேண்டியதாயிற்று.

2019இல் சுற்றுலாவுக்கு ஓடிய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினேன். 2008ஆம் ஆண்டு வண்டி. (டெம்போ என்பதை நாம் சிறு லாரிக்குப் பொதுப்பெயர் ஆக்கிவிட்டோம். உண்மையில் அது ஜெர்மன் கம்பெனி ஒன்றின் பெயர்; 1958இல் பஜாஜ் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. 2005 முதல் அந்த நிறுவனத்துக்கு ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர்.) ஒன்பது இருக்கைகளைக் கழற்றிக் கடைத் தராசில் நிறுத்தேன், 148 கிலோ. அதில் உட்காரும் ஒன்பது பேரை ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தால் 585. ஆக 733 கிலோ வரவு. வியாபாரிக்கு இது போதாதா? பழைய மரவீடு ஒன்றைப் பிரித்த இடத்தில் படாக் மரம் வாங்கினேன். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திய பிறகு இங்கே பழைய மரத்துக்குத் தனி மதிப்பு. செக்கச்செவேலென்று கட்டில், அலமாரி, சமையல் மேடை. பார்த்தவர்கள் எல்லாரும் கல்யாண மண்டபம் போல இருக்கிறது என்றார்கள்.

படாக் ஒரு கன அடி ஏறத்தாழ 20 கிலோ கனக்கும். நான் போட்டது 12 கன அடி. 240 கிலோ, வரவுக்குள் அடங்கிய செலவுதான். தொகை சரி, இடம் தவறு. அத்தனை கனமும் பின் அச்சுக்கு அப்பால், வலப்பக்கமாகவே விழுந்தது. அதைவிடப் பெரிய தவறு, தரைவிரிப்பைத் தூக்கிக் கீழே என்ன இருக்கிறது என்று பாராமலே மேலே பலகை அடித்தது. பிறகு கொரோனா வந்து வண்டி ஓராண்டுக்கு மேல் மழையில் நின்றது.

2021இல் முதல் பயணம். ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று ஜாரவா காப்பகத்துக்குள் நுழைந்தோம். அங்கே வண்டிகள் தொடராகத்தான் போகவேண்டும். நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, முந்தக் கூடாது. அது அவர்கள் காடு. அந்த விதி நியாயமானது. மனைவி முழங்காலை நீட்டிக்கொள்ளலாம் என்று பின்னால் கட்டிலில் இருந்தாள். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் மடேர் என்று சத்தம். "ஏங்க, கட்டில் கீழே போகுதுங்க!" என்று குரல். கட்டிலின் கால் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டது. ஓட்டை வழியே சாலை ஓடுவது தெரிகிறதாம். நிறுத்த முடியாது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பின்சீட்டுக்கு அவள் ஊர்ந்து வந்தாள். மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. அங்கே இறங்கியதும் அவள் சொன்னது ஒன்றே: "அலமாரி நல்லாத்தான் இருந்துச்சு." என் வயதில் இப்படித் தலைகுனிந்ததில்லை.

போர்ட் பிளேருக்குத் திரும்பி எல்லாவற்றையும் பிரித்தோம். தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் இரண்டு, விரலால் குத்தினால் அப்பளமாக உதிர்ந்தன. ஏன் இங்கே இரும்பு இவ்வளவு சீக்கிரம் சாகிறது என்பதை அப்போதுதான் படித்தேன். உப்பு, காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கசியும். நம் தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அதற்கு மேல்தான். ஆகவே கடற்காற்று தகட்டில் படியவைத்த உப்பு மழை நின்ற பிறகும் உலர்வதே இல்லை. இரவும் பகலும் நனைந்த துணியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருந்து என்ன? நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுவது. பெயின்ட் அதற்குப் பின்புதான்.

வெல்டிங் போட வந்த தம்பி ராமநாதபுரத்துக்காரர். எல்லாரும் என்னைச் 'சேட்' என்று கூப்பிட (ஜைனன் என்றால் மார்வாடியாகத்தான் இருப்பான் என்பது இங்கே பலர் நினைப்பு, வந்தவாசிப் பக்கம் ஏர் பிடித்த குடும்பம் என்று எத்தனை பேரிடம் சொல்வது?), அவர் மட்டும் "நைனார் ஐயா" என்பார். அவர் காட்டிய ஒரு சங்கதியை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. கதவுகளின் அடிவிளிம்பிலும் படிக்கட்டுப் பெட்டியிலும் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. முன்பு வண்டியை அழகுபடுத்திய யாரோ அவற்றையெல்லாம் பட்டி வைத்து அடைத்துவிட்டிருக்கிறார். "ஐயா, தண்ணி உள்ள வராம யாராலயும் தடுக்க முடியாது. வெளிய போக வழி விட்டாப் போதும்" என்றார். துளைகளைத் திறந்தபோது ஒரு கதவிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் துருவோடு கொட்டியது.

செல்லரித்த சட்டங்களை வெட்டி எறிந்து புதுச் சட்டம் வைத்தோம். துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் இரண்டு கை, அதன்மேல் பெயின்ட், உட்குழிவுகளில் மெழுகுக் குழம்பு. பின் பட்டைகளைப் புதிதாக்கினோம். கூரையில் பழைய ஏ.சி. இருந்த ஓட்டையை ஃபைபர் துணி ஒட்டி மூடினோம். அலுமினியத் தகட்டை நேரடியாக இரும்பில் அடிக்கக் கூடாது. இரு உலோகத்துக்கும் நடுவே உப்புநீர் நின்றால் ஒன்று மற்றதைத் தின்னும். ரப்பர் வாஷர் வைத்து எவர்சில்வர் திருகால் முடுக்கினோம். பாத்திரக் கடைக்காரனுக்கு இதாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பணம் பாதிக்குமேல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போயிற்று. உள்ளே செய்தது கொஞ்சம்தான். படாக் போய், கொதிநீர் தாங்கும் பிளைவுட் வந்தது. கட்டிலுக்கு அலுமினியச் சட்டம். அதன் மேற்பரப்பு இடைவெளி விட்ட பட்டிகள், அவற்றின்மேல் மெத்தை. பலகைமேல் மெத்தை போட்டால் மூச்சின் ஈரமும் உடம்பின் சூடும் அடியில் தங்கி ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். கூரைக்கும் பக்கத் தகடுகளுக்கும் உட்புறமாகக் கருப்பு நைட்ரைல் ரப்பர் நுரையை இடைவெளியே இல்லாமல் ஒட்டினோம். முதல் முறை தெர்மாகோல் செருகியிருந்தேன். அதன் பின்னே காற்று புகுந்து, தகடு குளிர்ந்த இரவில் வியர்த்து, சுவரெல்லாம் கண்ணீர் வடித்தது.

குளிர்சாதனம் வைக்கவில்லை. கீழே ஒரு ஜன்னல், எதிர்ப்புறம் கூரையில் ஒரு மூடி, இரண்டிலும் கொசுவலை, ஒரு 12 வோல்ட் விசிறி. சூடான காற்று மேலே போகும். நாம் வழிவிட்டால் போதும். விசிறி 20 வாட், பத்து மணிநேரம் ஓடினால் 200 வாட்-மணி. விளக்கும் தொலைபேசியும் சேர்ந்து இன்னொரு 40. தனியாக வைத்த 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் 600 கிடைக்கும். சூரியத் தகடு மேகத்தில் தூங்கினாலும் இரண்டு இரவு தாங்கும். பேட்டரிக்கு வெகு அருகிலேயே ஃபியூஸ் இருக்கவேண்டும். கம்பி உரசித் தீப்பிடிப்பது பெரும்பாலும் அந்தக் கொஞ்ச நீளத்தில்தான்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் குளம்போலத் தேங்கும். ஆகவே ஐந்து கிலோ சிலிண்டருக்குத் தனிப் பெட்டி செய்து, பெட்டியின் அடியில் வண்டிக்கு வெளியே திறக்கும் துளை வைத்தோம். மேலே ஜன்னல் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லக் கூடாது. வண்டி ஓடும்போது சிலிண்டர் வாய் மூடியே இருக்கும். கதவருகே தீயணைப்பான். தண்ணீர் இருபது லிட்டர் கேன் இரண்டு, ஒன்று இடம், ஒன்று வலம்.

மனைவிக்காகச் செய்தவை மூன்றுதான். வாசல் படிக்குக் கீழே இன்னொரு படி, கைக்கு ஒரு கம்பி, முழங்கால் மடக்காமல் உட்காரும் உயரத்தில் கழிப்பறை இருக்கை. கட்டிலின் உயரத்தை அவள் வந்து உட்கார்ந்து பார்த்த பிறகே முடிவு செய்தோம். தச்சர் அளவு ஒருபுறம், முழங்கால் அளவு ஒருபுறம். ஓடும்போது கட்டிலில் யாரும் இருப்பதில்லை. பெல்ட் உள்ள இருக்கையில்தான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். முதல் முறை நான் யாரிடமும் கேட்காமலே இருக்கைகளைக் கழற்றினேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. காப்பகத்துக்குள் கட்டில் இறங்கிய அன்று விபத்தாகியிருந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்திருப்பார். சொந்தப் பயன்பாட்டு வாகனப் பட்டியலில் கேம்பர் வேன் என்ற இனமே இருக்கிறது. இரண்டாம் முறை வரைபடத்தோடு முன்கூட்டியே விண்ணப்பித்தேன். நடை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இரவில் தூக்கம் வருகிறது.

தங்குவதும் கண்ட இடத்தில் இல்லை. கடற்கரையும் காடும் அழகுதான், ஆனால் அனுமதியில்லாமல் அங்கே தங்கலாகாது. சரக்கு வாங்கும் கடைக்காரர் வீட்டு முற்றத்தில் கேட்டு நிறுத்துவோம். காலையில் அவர்கள் கிணற்றிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர், எங்களுக்கல்ல, வண்டியின் அடிப்பக்கத்துக்கு.

புது வண்டியை முழுச் சாமானோடு எடைமேடையில் ஏற்றி, முன் சக்கரம் தனி, பின் சக்கரம் தனி என்று நிறுத்துச் சீட்டு வாங்கினேன். அன்று மாலை மனைவி சின்ன இரும்பு உரல் ஒன்றைக் கொண்டுவந்து சமையல் மேடைக்கு மேலே கொக்கியில் மாட்டினாள். "எதுக்கும்மா இது? மிளகுப்பொடி வாங்கிக்கலாமே" என்றேன். "உங்க உமணர் வீட்டம்மா மட்டும் மாட்டிக்கலாமா?" என்றாள். தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்றரைக் கிலோ. இடப்பக்கக் கணக்கில் எழுதிக்கொண்டு, ஆடாமல் இருக்க அடியில் ஒரு கயிறும் கட்டினேன்.