தூளுக்கு ஏற்ற வால்வு

நீரைத் தடுக்கும் வால்வு தூளையும் தடுத்துவிடும் என எண்ணுவோர் பலர். சிமெண்டு, கோதுமை மாவு, சர்க்கரை முதலிய பொருள்களை டன் கணக்கில் கையாளும் ஆலைகளில் நேரும் தொல்லைகள் பலவற்றிற்கு இவ்வெண்ணமே காரணமாகும். இப்பொருள்கள் சைலோ எனப்படும் நெடிய குதிர்களில் சேமிக்கப்பட்டு, அடிவாய் வழியாக இறக்கப்படுகின்றன. அவ்வாயில் எத்தகைய கதவை அமைப்பது என்பதே வினா.

முதற்கண் தூளின் இயல்பை அறிதல் வேண்டும். தொட்டியில் நீர் உயர உயர அடியழுத்தமும் அதே அளவில் உயரும். தூளோ குதிரின் சுவரோடு உராய்வதால், அதன் எடையில் ஒரு பங்கைச் சுவரே தாங்கிக்கொள்கிறது. ஆழம் கூடினும் அடியழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை. ஜெர்மானியப் பொறியாளர் யான்சென் இதனை 1895இல் விளக்கினார். உலர்ந்த மணலைக் கையில் இறுக்கிப் பிடித்துவிட்டு விரித்தால் அது உதிர்ந்துவிடும். மாவோ பிடித்த பிடியாகவே நிற்கும். குதிரின் வாய்க்கு மேலும் மாவு இவ்வாறே வளைவு கட்டி நின்றுவிடுவதுண்டு. அப்போது கதவு முழுதும் திறந்திருந்தும் ஒன்றும் இறங்காது. இவ்வளைவு உண்டாகாதிருக்க வாய் எவ்வளவு அகலமாக இருத்தல் வேண்டும் என்பதைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிக்கி 1964இல் வெளியிட்டார். ஆகவே தூளைச் சோதித்து வாயின் அளவை முடிவு செய்த பின்னரே வால்வைத் தேடுதல் முறை. கையிருப்பில் உள்ள வால்வுக்கேற்ப வாயைக் குறுக்குவது பெருந்தவறு.

தூளுக்கு இன்னொரு முகமும் உண்டு. காற்றுக் கலந்த புதுச் சிமெண்டு நீரைப் போலவே பாய்ந்து, சிறு இடுக்கிலும் ஒழுகும்.

வால்வு வகைகளுள் எளியது பலகைக் கதவு. ஆனால் பலகை ஓடும் பள்ளத்தில் தூள் இறுகினால் அது முற்ற மூடாது. வண்ணத்துப்பூச்சி வால்வு மலிவானது, இடமும் குறைவாகவே கொள்ளும். எனினும் அதன் தட்டு எப்போதும் தூளோடும் வழியின் நடுவிலேயே நிற்கும். சுழல் வால்வில் இதழ்கள் பொருத்திய சக்கரம் சுழன்று, அறை அறையாகத் தூளை அளந்து இறக்கும்; கீழுள்ள குழாயின் காற்று மேலேறாமலும் பெருமளவு தடுக்கும். சிமெண்டு போன்ற கரடான தூள் இதழ்களின் விளிம்பைத் தேய்த்துவிட்டால், மேலேறும் காற்றே தூளை இறங்கவிடாது செய்யும்.

வால்வை அசைக்கும் இயக்கியைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். தூள் நிறைந்த குதிரின் கீழ் வண்ணத்துப்பூச்சி வால்வைத் திறக்கும்போது, தட்டின் ஒரு பாதி தூளுக்குள் மேல்நோக்கி எழ வேண்டியிருக்கிறது. வெறுங்குழாய்க்குப் போதுமான விசை இங்கே போதாது. அழுத்தக் காற்றால் இயங்கும் இயக்கி விரைவானது. காற்று நின்றால் வில்லின் விசையால் தானே மூடிக்கொள்ளுமாறும் அதனை அமைக்கலாம். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரமிக்க நாடுகளில் அக்காற்றை உலர்த்தி அனுப்புதல் இன்றியமையாதது. மின் இயக்கி மெதுவானது. தூசு நிறைந்த இடத்தில் பொறி எழாதவாறு காப்புடைய வகையையே வாங்க வேண்டும்.

இக்காப்பு வீண் செலவன்று. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சர்க்கரை ஆலையொன்றில் தூசு வெடித்துப் பதினால்வர் மாண்டனர். குதிர்களின் கீழ் ஓடிய பட்டையிலிருந்து சிந்திய சர்க்கரையும் தூசும், மூடிய அடைப்பினுள் சேர்ந்திருந்தன. முதல் வெடிப்பு ஆங்காங்கே படிந்திருந்த தூசைக் கிளப்பிவிட, அடுத்தடுத்த வெடிப்புகள் ஆலையெங்கும் பரவின.

இத்தகைய தீ ஒரு கலத்திலிருந்து மறு கலத்திற்குத் தாவாமல் தடுப்பதற்கென்றே சோதித்துச் சான்றளிக்கப்பட்ட சுழல் வால்வுகள் உள்ளன. இதழுக்கும் உறைக்கும் இடையே 0.2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இராதவாறு அவற்றைக் கடைவர். வெடிப்பு நேர்ந்த கணமே அதன் சுழற்சியும் தானே நிற்க வேண்டும்; நில்லாவிடின், எரியும் தூளை வால்வே கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.