டேங்க் நிறையத்தான் வேண்டும்

பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏறுகிறோம். கழிப்பறைப் பக்கம் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து, "டேங்க் நிறைஞ்சு போச்சு போல, தண்ணி இறங்கல" என்கிறார். வன்னியம்பட்டியில் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் நின்றாலும் இதே பேச்சுதான்; உடனே டேங்க் இறைக்கும் லாரிக்காரருக்குப் போன் போகிறது. இரண்டு இடத்திலும் பெரும்பாலும் டேங்க் மேல் குற்றமில்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ரயில். முன்பெல்லாம் ரயில் கழிப்பறையின் அடியில் ஒரு ஓட்டைதான். எல்லாம் தண்டவாளத்தில் விழும். தண்டவாளம் துருப்பிடித்தது ஒரு பக்கம். அதன் மேல் குனிந்து வேலை செய்த ஊழியர்கள் பட்ட பாடு இன்னொரு பக்கம். இதற்கு மாற்றாக வந்ததுதான் பயோ டாய்லெட். ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, பனிமலையில் காவல் காக்கும் வீரர்களுக்காக உருவாக்கிய தொழில்நுட்பத்தை ரயில்வேயோடு சேர்ந்து ரயில் பெட்டிக்கு அடியில் பொருந்தும்படி மாற்றியது. 2011ஆம் ஆண்டு குவாலியரிலிருந்து வாரணாசி போகும் புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் அது ஓடத் தொடங்கியது. 2016இல் நம் பக்கத்து மானாமதுரை–ராமேசுவரம் பாதை, 114 கிலோமீட்டர், தண்டவாளத்தில் மலம் விழாத நாட்டின் முதல் பாதையாக அறிவிக்கப்பட்டது. இந்தப் பெருமையை நாம் அதிகம் பேசுவதில்லை.

பயோ டாய்லெட்டின் டேங்குக்குள் என்ன நடக்கிறது? உள்ளே தடுப்புச் சுவர்கள் உண்டு. கழிவு நேராக வெளியேறிவிடாமல் ஒவ்வொரு தடுப்பையும் தாண்டி மெதுவாக நகர வேண்டும். வழியில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கின்றன. மீத்தேனும் கரியமில வாயுவும் மேலே போகின்றன. மிஞ்சும் தண்ணீர் குளோரின் மாத்திரை இருக்கும் இடத்தைக் கடந்து வெளியே வடிகிறது.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். இந்த டேங்க் சேர்த்து வைப்பதற்கானது அல்ல. அது எப்போதும் நிறைந்தே இருக்கும். மேலே ஒரு செம்பு ஊற்றினால் மறுமுனையில் ஒரு செம்பு வெளியேறும். நிறைந்திருப்பதுதான் அதன் இயல்பு.

அப்படியானால் தண்ணீர் ஏன் நிற்கிறது? டேங்குக்கு மேலே, கோப்பைக்குக் கீழே, குழாய் ஒரு வளைவு வளைகிறது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, கீழிருந்து நாற்றம் ஏறாமல் தடுக்கிறது. பிளம்பர்கள் 'டிராப்' என்பது இதைத்தான். தண்ணீர் பாட்டில், குட்கா பாக்கெட், நாப்கின், குழந்தையின் டயப்பர் எல்லாம் அங்கேதான் மாட்டுகின்றன. எவ்வளவு நல்ல பாக்டீரியாவானாலும் பாட்டிலைத் தின்னாது. 2017இல் தணிக்கைத் துறையின் அறிக்கை பயோ டாய்லெட்டுகளைப் பற்றி எழுதியபோதும் அடைப்பைப் பெரிய குறையாகச் சொன்னது. கழிப்பறைக்குள் குப்பைத்தொட்டி வைத்தது இதற்காகத்தான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். செப்டிக் டேங்கும் இதே குடும்பம். கலங்கிய கண்மாய்த் தண்ணீரைக் குடத்தில் வைத்தால் மண் அடியில் தங்கி, தூசி மேலே மிதந்து, நடுவில் தெளிந்த நீர் நிற்குமே, அதேதான் இங்கும். கனமானது வண்டலாக அடியில் படிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கிறது. நடு நீர் அடுத்த குழிக்குப் போய் மண்ணில் ஊறுகிறது.

லாரிக்காரர்கள் மேல் விழும் பெரிய பழியும், இந்த டேங்கும் நிறைந்தே இருக்கும் என்பது தெரியாததால் வருவதுதான். காசு கொடுத்து இறைக்கிறோம். இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தால் டேங்க் ததும்புகிறது. "பாதிதான் எடுத்திருக்கான்" என்கிறோம். கணக்குப் போடுவோம்: வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் கழிப்பறைத் தண்ணீர் என்றால் 160 லிட்டர். 2,000 லிட்டர் டேங்க் 13 நாளில் நிறைந்துவிடும். நிறைந்தால்தான் நீர் அடுத்த குழிக்கே போக முடியும். பார்க்க வேண்டியது தண்ணீரின் மட்டத்தை அல்ல, வண்டலின் கனத்தை. ஒரு நீளக் கம்பை மெதுவாக இறக்கினால் கெட்டி எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியும். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை வண்டல் பிடித்துவிட்டால் லாரியைக் கூப்பிடலாம். சாதாரண வீட்டுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும்.

எங்கே அடைப்பு என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரு கழிப்பறையில் மட்டும் தண்ணீர் நின்றால் கோளாறு அதன் டிராப்பில். ரப்பர் பம்பு வைத்து ஏழெட்டு முறை அழுத்தி இழுத்தாலே பல சமயம் விட்டுவிடும். வெந்நீர் ஊற்றலாம், கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பீங்கான் விரிசல் விட்டுவிடும். வீட்டில் எல்லாக் கழிப்பறையும் சேர்ந்து மக்கர் செய்தால், சேம்பரையோ டேங்கையோ கடைசிக் குழியையோ பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறிப்போய்க் குழி தண்ணீரை வாங்காது. கரிசல் மண் என்றால் இன்னும் சிரமம். அதற்கு உறிஞ்சும் வேகமே குறைவு. அப்போது லாரி வந்து இறைத்தாலும் சில நாளில் பழைய கதைதான்.

ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள். பாட்டிலையும் நாப்கினையும் அது கரைக்காது. உள்ளே வேலை செய்யும் பாக்டீரியாக்களைத்தான் கொல்லும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய கழிப்பறையில் அது ஆபத்து. சாணி கரைத்து ஊற்றுவது, கடையில் விற்கும் பொடி போடுவது எதுவும் தேவையில்லை. வேண்டிய பாக்டீரியா நம் வயிற்றிலிருந்தே போய்ச் சேர்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மூடியைத் திறந்து யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. நாமும் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்று நினைத்தவர்கள் பலர் மேலே வரவில்லை. உள்ளே மயங்கியவரைத் தூக்கப் போனவர்களும் இறந்திருக்கிறார்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. இறைப்பது குழாயும் மோட்டாரும் செய்யும் வேலை. மூடியைத் திறந்தவுடன் வாயு கலைய நேரம் விட்டு, குழந்தைகளைத் தள்ளி நிறுத்தினால் போதும்.

இறைத்து முடித்ததும் டேங்கைத் தேய்த்துக் கழுவச் சொல்ல வேண்டாம். அடியில் கொஞ்சம் வண்டல் கிடந்தால் லாரிக்காரரோடு சண்டைக்கும் போக வேண்டாம். அதில் உயிரோடு இருக்கும் பாக்டீரியாக்கள்தான் மறுநாளே வேலையைத் தொடங்க வேண்டும்.